ஜிஎஸ்டி கவுன்சிலும் ஒரு காலிச் செல்லும்

எக்செல் ஃபார்முலாவுக்கு முகவரி தெரியாது, வழி மட்டும்தான் தெரியும். இ1-இல் 18 சதவீத ஜிஎஸ்டியைப் போட்டு, சி2-இல் பி2 (பொருளின் விலை) பெருக்கல் இ1 என்று எழுதினால், 'இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் இரண்டு தள்ளி, ஒரு வரிசை மேலே' என்றுதான் அது மனசுக்குள் குறித்துக்கொள்கிறது. இப்போது கீழே இழுத்துவிடுங்கள். முதல் பொருளுக்கு வரி சரி. இரண்டாவதற்கு இ2-ஐப் போய்த் தட்டும். அங்கே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, முகத்தில் சலனமே இல்லாமல், மிச்சமுள்ள அத்தனை பொருள்களுக்கும் வரிவிலக்கு அளித்துவிடும். ஜிஎஸ்டி கவுன்சில் கூடிக் கூடிப் பேசியும் செய்யத் தயங்குகிற காரியம்!

தடுக்க, இ-க்கு முன்னால் ஒரு டாலர், 1-க்கு முன்னால் ஒரு டாலர் வேண்டும். எஃப்4-ஐத் தட்டினால் இரண்டும் வந்துவிடும். கணக்கு ரூபாயில்தான், ஆனாலும் டாலரைக் கண்டால்தான் அது அசையாமல் நிற்கும்.

1979-இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் இப்படியில்லை. நகலெடுக்கும்போது, 'இது மாறட்டுமா, வேண்டாமா' என்று செல் செல்லாகக் கேட்கும். பின்னால் வந்த விரிதாள்கள் அந்த நச்சரிப்பைக் கைவிட்டன.

வெறும் எண்களை ஒட்டினால் ஆபத்தில்லை என்பவர்களுக்கு: 2003-இல் கனடாவின் டிரான்ஸ்ஆல்டா மின்நிறுவனம் நியூயார்க் மின்கடத்தல் ஒப்பந்தங்களுக்கு ஏலம் கேட்டபோது, ஒட்டிய விலைகள் வரிசை மாறி விழுந்தன. நஷ்டம் 2.4 கோடி டாலர். இந்த டாலர் எஃப்4-ஐத் தட்டினால் வராது.