எண்பதே போதும்

எண்பதுகளின் கடைசியில் புல்லட்டில் ஊர் சுற்றத் தொடங்கியபோது, வேகக் கட்டுப்பாடு பற்றி எங்கள் கூட்டத்தில் யாரும் பேசியதில்லை. அந்த வேலையை வண்டியே பார்த்துக்கொண்டது. திருவொற்றியூர் ஆலையில் தயாரான 350 அது, வார்ப்பிரும்பு எஞ்சின். ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஸரை அமுக்கி, அப்புறம் உதைத்துக் கிளப்ப வேண்டும். எழுபதைத் தாண்டினால் கைப்பிடி அதிரும். எண்பதில், பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று கண்ணாடியில் பிடிபடாது. டிரம் பிரேக் மழையில் நனைந்துவிட்டால் சட்டென்று பிடிக்காது.

மிச்சத்தைச் சாலை பார்த்துக்கொண்டது. சென்னையிலிருந்து திருச்சிவரை இருவழிதான். விழுப்புரம் தாண்டினால் கரும்பு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தாக வேண்டும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். வேகப் பலகைகள் அன்றும் இருந்தன; அவை லாரிக்காரர்களுக்கானவை என்றே கடந்து போனோம். டீக்கடையில் இறங்கியதும் முதல் கேள்வி, "மதுரைக்கு எத்தனை மணி நேரத்துல போனே?"

இன்று அதே தடம் நான்குவழி. இளைஞர்களின் வண்டி 120-ல் போனாலும் கையில் அதிர்வே இருக்காது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 முதல் ஏபிஎஸ் கட்டாயம். ரைடிங் ஜாக்கெட், முழங்கால் கவசம், முன்னே ஒரு கேப்டன், கடைசி ஆளாக ஒரு 'ஸ்வீப்' என்று ஒழுங்காகப் புறப்படுகிறார்கள். எங்களுக்கு இதெல்லாம் இருந்ததில்லை. இதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கேமரா வரப்போகிறது என்று போன் சொன்னதும் வேகத்தைக் குறைத்து, தாண்டியதும் முறுக்குகிறார்கள். டீக்கடைக் கேள்வியும் மாறவில்லை.

நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு 80 என்று மத்திய அரசு 2018-ல் வரம்பு வைத்தது. "இந்த ரோட்டுக்கு அது ரொம்பக் கம்மிண்ணே" என்கிறார்கள். ரோடு தாங்கும், வண்டியும் தாங்கும். ஆனால் இந்தச் சாலை பல ஊர்களை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. வீடு இந்தப் பக்கம், வயலும் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம். மேம்பாலம் இல்லாத இடத்தில் மீடியன் இடைவெளிதான் அவர்களுக்கு வழி. பால் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நிற்பவருக்குத் தூரத்து பைக் சின்னதாகத்தான் தெரியும். இன்னும் தள்ளி வருகிறது, மெதுவாக வருகிறது என்று நம்பிக் காலை எடுத்து வைப்பார். 80-ல் வருபவர் ஒரு நொடியில் 22 மீட்டர் கடப்பார். 120-ல் 33 மீட்டர். பிரேக் அடித்து நிற்கத் தேவையான தூரமோ இரண்டேகால் மடங்கு. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். இந்தக் கணக்கை மாற்றாது.

2022-ல் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

தம்பிகளே, கொல்லிமலைக்குப் போங்கள், வால்பாறைக்குப் போங்கள், ஆசை தீர ஊர் சுற்றுங்கள். மீடியன் இடைவெளியில் ஆள் நிற்பதைப் பார்த்தால் மட்டும், கேமரா இருக்கிறதா என்று தேடாமல் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள்.