வெந்நீர் தேடும் தகப்பனார்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று கிளம்பி, கொடியில் போட்ட வேட்டி மூன்று நாளாகியும் உலராமல் தென்காசி நனைந்து கிடக்கிற பருவத்தில், சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வந்திறங்குகிற ஜனங்களில் ஒருவர் தோளில் ஏழு மாதக் குழந்தையும் கையில் பிளாஸ்க்குமாக நம் வீட்டுப் படியேறி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "மாமா, வெந்நீர் இருக்கிறதா?" என்று விசாரிப்பார்.

குற்றாலத்துக்கு வருகிறவர் கேட்கிற கேள்வியா இது? பேரருவி நேரே தலையில் விழுந்தால் மனித சரீரம் தாங்காதென்றுதானோ என்னவோ, அது நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குடைவில் விழுந்து, வேகம் தணிந்து, அதன் பிறகே கீழே இறங்கும்படி இயற்கை ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த ஏற்பாட்டில் சூடு சேர்க்க மறந்துவிட்டதே என்பதுதான் நம்மவருடைய மனஸ்தாபம். 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்த நாளில் ராஜாஜியும் கல்கியும் விருந்தினராக வந்து தங்கிய பெருமையை நான் எடுத்துச் சொன்னால், "அவர்கள் கைக்குழந்தையோடா வந்தார்கள்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

பிளாஸ்க்குகள் மொத்தம் மூன்று. ஒன்று குடிக்க, ஒன்று பால் புட்டியைக் கழுவ. மூன்றாவதின் பிரயோஜனம் அவருக்கே தெரியாது, ஆனால் அது ஒருபோதும் காலியாக இருக்கலாகாது. ஆகையால் ஐந்தருவிக்குப் போகிற வழியில் டீக்கடைதோறும் கார் நிற்கும், மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து விற்கிறவர்களைத் திரும்பியும் பாராமல் அவர் நேரே பாய்லரண்டை போய், "அண்ணாச்சி, இது இப்போது கொதிக்கிற தண்ணீரா, கொதித்து ஆறியதை மறுபடி சூடாக்கியதா?" என்று குறுக்கு விசாரணை தொடங்குவார். "காலைல இருந்து கொதிச்சுக்கிட்டுத்தான் கெடக்கு சார்" என்று டீ மாஸ்டர் சத்தியம் செய்தாலும் திருப்தி வராது. மூடியைத் திறக்கச் சொல்லி, குமிழியைக் கண்ணால் கண்ட பிறகே பிளாஸ்க்கை நீட்டுவார்.

வீட்டில் ஸ்நானம் இதைவிட விஸ்தாரமானது. ஆச்சி மணையில் அமர்ந்து, காலை நீட்டி, எண்ணெய் பூசிய குழந்தையைக் கணுக்கால்மேல் கிடத்தியிருப்பாள். இவர் தாரா வடிவில் ஒரு வெப்பமானியை வாளியில் மிதக்கவிட்டு, அது 37 பாகைக்கு இறங்குகிற வரையில் செம்பைத் தொட விடமாட்டார். "39 காட்டுகிறது, ஆச்சி." "அந்தத் தாராவ அங்கிட்டு வையுங்க மாப்பிள்ளை, நான் முழங்கையை விட்டுப் பாத்துட்டேன்" என்பாள் ஆச்சி. அதற்குள் தண்ணீர் ஆறிவிடும். மறுபடி அடுப்பு, மறுபடி தாரா. சிலிண்டர் என்னுடையது என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் காற்று ஆளையே தள்ளும், குழந்தையின் குல்லாய் எம்மாத்திரம்? ஒருநாள் அது பறந்துபோக, அன்றைய தரிசனம் குல்லாயோடு போயிற்று.

ஐந்தருவியில் காரை எட்டத்தில் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அருவியைக் காண்பிப்பார். ஒருநாள் கண்ணாடி விரலளவு இறங்கியிருக்க, சாரல் உள்ளே புகுந்து குழந்தையின் கன்னத்தில் ஒரு திவலை விழுந்தது. அது கண்ணை இறுக மூடித் திறந்து பொக்கை வாயால் சிரித்தது. தகப்பனார் உடனே துடைத்தார். குழந்தை அழுதது.

அவர் பயம் முற்றிலும் அபத்தமென்று சொல்லமாட்டேன். சின்ன உடம்பு பெரிய உடம்பைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பது வைத்தியர்கள் சொல்வதே. மேலும், நடுநிசியில் யாரையும் எழுப்பாமல் நம் அடுக்களையில் புகுந்து, பாத்திரமூடி ஓசைப்படாதபடி துண்டால் பிடித்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் அடுப்பண்டை நிற்கிற அந்த மனிதரைப் பார்த்துவிட்டால், சிலிண்டர் கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுத்துவிடத்தான் தோன்றும்.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க இயலவில்லை. அந்தக் குழந்தையின் தாய் இந்த ஊர்க்காரி. பாவாடை கட்டிய நாளிலிருந்து சாரலில் வளர்ந்தவள். வருஷம் முழுவதும் சென்னை வெக்கையில் இந்த ஒரு ஸ்நானத்தை நினைத்துக்கொண்டிருந்தவள். அவர் டீக்கடைக்கு டீக்கடை இறங்கி ஏறுகிற நேரமெல்லாம் அவள் மடியில் பிள்ளையோடு காருக்குள்ளேயே இருக்கிறாள். "நீ போய்க் குளித்துவிட்டு வா, நான் பிடித்துக்கொள்கிறேன்" என்ற ஒரு வாக்கியம், இத்தனை சிரத்தையுள்ள மனிதரின் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

கடைசி நாள் விடிகாலையில் ஆச்சியும் அவளும் ஆட்டோ பிடித்துப் பேரருவிக்குப் போய்விட்டார்கள். தலை சொட்டச் சொட்டத் திரும்பி வந்தவளை வாசலில் மறித்து, "உனக்குச் சளி பிடிக்குமே!" என்று அவர் பதறினார்.

"சாயந்திரம் ரயிலுக்கு முன்னால பழைய குற்றாலத்துக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்திருதோம்" என்றாள் அவள், ஈரத்தைத் துவட்டிக்கொண்டே. "பிள்ளைக்கு வெந்நீர் பிளாஸ்க்ல இருக்குல்லா?"