வளைத்துக் கட்டுங்க!

கே: ஊட்டி ரோஜாப் பூங்காவில் கொடி ரோஜாவைப் பார்த்து மயங்கி, அங்கேயே ஒரு நர்சரியில் வாங்கிவந்து வைத்தேன். சித்திரை தாண்டவில்லையே, ஏனுங்க? (வாசகி, அந்தியூர்)

ப: அது 2,200 மீட்டர் உயரத்துக் குளிரில் பழகிய செடி, அம்மணி. நமக்கும் பர்கூர் மலை பக்கத்தில்தான். ஆனால் குளிர் மலையிலேயே தங்கிவிடுகிறது, நமக்கு வெயில் மட்டும். இங்கேயே ஒரு கோடையைத் தாண்டிய செடியாகக் கேட்டு வாங்குங்கள். வெள்ளை போதுமென்றால் கொடி ‘ஐஸ்பெர்க்’. பெயர்தான் பனிப்பாறை, வெயிலை நன்றாகவே தாங்கும். கிழக்குச் சுவரோரம் வையுங்கள். மேற்குச் சுவர், பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி செடிக்குத் திருப்பிக் கொடுக்கும். நடுவதற்கு ஐப்பசி மழை நல்லது.

கே: பத்தடி ஏறிவிட்டது. பூ மட்டும் உச்சியில் இரண்டே இரண்டு. (வாசகர், தவிட்டுப்பாளையம்)

ப: நிமிர்ந்து நிற்கும் தண்டில் நுனிமொட்டுதான் நாட்டாமை. அது சுரக்கும் ஆக்சின் கீழிருக்கும் கணுக்களைத் தூங்கவைத்துவிடும். தண்டைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டினால் அந்த அதிகாரம் தளர்ந்து, கணுவுக்குக் கணு பக்கக்கிளை விட்டுப் பூக்கும்.

உங்கள் ஊர்க் கொடிக்காலில் வெற்றிலை, அகத்தியில் வேர் விட்டு ஒட்டிக்கொள்ளும். அதையே கட்டித்தான் ஏற்றுகிறோம். ரோஜாவுக்கு ஒட்டும் வேரும் இல்லை, பற்றுக்கம்பியும் இல்லை. கீழ்ப்பக்கம் பார்த்து வளைந்த முள்ளைக் கொக்கியாக மாட்டித்தான் ஏறும். அதனால் கட்டு அவசியம். தண்டு பச்சையாக இருக்கும்போதே, வாரத்துக்குக் கொஞ்சமாகச் சாயுங்கள். முற்றிய தண்டை ஒரே நாளில் வளைத்தால் ‘சடக்’கென்று ஒடியும். நனைத்த வாழை நாரை எட்டுப் போலச் சுற்றி, விரல் நுழையும் அளவு தளர்வாக முடியுங்கள். கம்பி வேண்டாம், தண்டு பருக்கும்போது அறுத்துவிடும்.

கே: போன ஐப்பசியில் அடியோடு கவாத்து செய்தேன். இப்போது இடுப்பளவுப் புதராக நிற்கிறது. (வாசகர், அத்தாணி)

ப: பல கொடி ரோஜாக்கள், புதர் ரோஜாவில் தானாக ஏற்பட்ட மாற்றத்தால் வந்தவை. ஒட்ட வெட்டினால் சில, பழைய குணத்துக்கே திரும்பிவிடும். முதல் இரண்டு வருஷம் காய்ந்த குச்சியைத் தவிர எதையும் தொடாதீர்கள். பிறகும் பக்கக்கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள்.

கே: வேலி முழுக்கப் படர்ந்துவிட்டது. பூவே இல்லை. காம்புக்கு ஏழு இலை. (வாசகி, ஆப்பக்கூடல்)

ப: ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பியதா பாருங்கள். அப்படியானால் மாப்பிள்ளை போய்விட்டார். வீட்டை ஆள்வது மாமனார். மண்ணைத் தோண்டி, கிளம்பிய இடத்திலேயே பிய்த்தெடுங்கள். வெட்டினால் நாலாகத் துளிர்க்கும். ஏழு இலை மட்டும் சாட்சி ஆகாது. சில நல்ல கொடி ரோஜாவுக்கும் ஏழு உண்டு.

கே: ஆன்லைனில் நீலக் கொடி ரோஜா விதை 99 ரூபாய். வாங்கலாமா? (கல்லூரி மாணவர், பவானி)

ப: ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணுவை மாற்றி, வருஷக்கணக்கில் பாடுபட்டு 2009-ல் விற்பனைக்கு விட்ட ‘நீல’ ரோஜாவே வெளிர் கத்திரிப்பூ நிறம்தான். 99 ரூபாய்க்கு என்ன வரும்? கீரை வந்தால் லாபம்.

கே: ஆடு தின்னாத கொடி ரோஜா உண்டா? (வாசகர், வெள்ளித்திருப்பூர்)

ப: பிளாஸ்டிக்கில் உண்டு. அதையும் ஒரு வாய் பார்க்கும்.

கே: நம் நாட்டுக்கென்று கொடி ரோஜா இல்லையா? (ஆசிரியை, அம்மாபேட்டை)

ப: பேஷாக உண்டு. மணிப்பூர் மலைகளில் மரத்தின் மேலேயே ஏறும் ‘ரோஸா ஜைஜான்டியா’வை 1882-ல் ஜார்ஜ் வாட் கண்டெடுத்தார். வங்காளத்து நீர்க்கரைகளில் ‘ரோஸா கிளைனோஃபில்லா’ இருக்கிறது. ரோஜாவில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வம்சம்; இது வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பிறந்தது. ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுக் கொடைக்கானலில் குடியேறிய வீரராகவன், மனைவி கிரிஜாவோடு சேர்ந்து இந்த இரண்டையும் பயன்படுத்திப் புது ரகங்கள் உருவாக்கினார். நம் நர்சரிகளில் அவை கண்ணில் படுவதில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கே: குருநாதசாமி பண்டிகைக் குதிரைச் சந்தையில் லத்தி அள்ளிவந்து போடலாமா? (வாசகர், அந்தியூர்)

ப: தாராளமாக. ஆனால் பச்சையாகப் போட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும். குவித்து, தண்ணீர் தெளித்து, அவ்வப்போது புரட்டுங்கள். ஆடியில் அள்ளியது ஐப்பசி நடவுக்கு மக்கியிருக்கும். குதிரைக்காரர் காசு கேட்க மாட்டார். சாக்கு மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள்.