வடபழனி வயரிங் சக்கரவர்த்தி

நூறடி ரோட்டில் வடக்கே நேராகப் போனால் கோயம்பேடு, திருமங்கலம் தாண்டிப் பாடி வந்துவிடும். 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி அங்கேதான் இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் எந்த முனையிலிருந்து எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று இன்ஜினீயர்கள் உட்கார்ந்து படம் போடுகிறார்கள். பாவம், அதே ரோட்டில் வடபழனிப் பக்கம் ஒரு சந்தில் நம் அண்ணன் ஷெட் போட்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது.

என்னுடையது பழைய அம்பாசடர். அதில் இருந்த டைனமோ முறுக்கி ஓட்டினால் இருபது ஆம்பியர் சொச்சம் தரும், ஐடிலில் நின்றால் அதுவும் தராது. மெட்ரோ வேலையில் இளைத்துப்போன ஆற்காடு ரோட்டில் ஹெட்லைட்டும் வைப்பரும் பாட்டும் போட்டுக்கொண்டு ராத்திரியில் ஊர்ந்தால், வண்டி வீடு போய்ச் சேருமுன் பேட்டரி போய்ச் சேர்ந்துவிடும். அதனால் புதுப்பேட்டையில் 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஒன்று வாங்கி அண்ணனிடம் கொடுத்தேன். "டயகிராம் இருக்காண்ணே?" என்று கேட்டதுதான் தாமதம். "சார், அதெல்லாம் இப்போ வர்ற பசங்களுக்கு. நமக்குக் கை போனா வயர் தானா வழி சொல்லும்" என்றார்.

சொன்னபடியே கை போயிற்று. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குக் கட்டைவிரல் கனத்தில் கேபிள் இழுப்பது கொழுத்தவர்கள் பழக்கம். அண்ணன் எளிமையானவர். வீட்டு வேலையில் மிஞ்சிய 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரிலேயே காரியத்தை முடித்தார். அதில் 50 ஆம்பியர் ஓடினால் இரண்டு மீட்டருக்குள் முக்கால் வோல்ட் கரைந்து, முப்பத்தைந்து வாட்டுக்கு மேல் சூடாகும். ஒரு சால்டரிங் அயர்னும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே ஜாயிண்டுக்கு அவர் ஈயம் வைக்கவில்லை. வெறுமனே முறுக்கி டேப் சுற்றினார். பின்னால் வயரே பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பார். ஃப்யூஸும் போடவில்லை. நடுவில் எதையாவது வைத்துத் தன் வேலையின் மேல் தானே சந்தேகப்படும் சுபாவம் அவருக்கு இல்லை.

பெரியவர்களிடம் அவர் காட்டும் மரியாதையைச் சொல்லியாக வேண்டும். புது ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கிறது. டைனமோ காலத்துப் பழைய கட்-அவுட் பெட்டிக்கு இனி வேலையில்லை. நன்றிகெட்டவர்கள் கழற்றி வீசியிருப்பார்கள். அண்ணனோ அதை லைனிலேயே விட்டுவைத்தார். டேஷ்போர்டில் முப்பதோடு கோடு முடிந்துவிடும் ஆம்மீட்டரையும் ஓரங்கட்டவில்லை, முழு கரண்டையும் அதன் வழியாகவே விட்டார். லைட்டைப் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் முள் ஓரத்துக்குப் போய்க் கைகட்டி நின்றது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மெல்லிய புகை வந்தது. "புதுசுல்ல சார், அப்படித்தான் இருக்கும்" என்று தேற்றினார்.

சார்ஜ் இல்லை என்று காட்டும் சிவப்பு பல்பைக் கழற்றி என் கையில் கொடுத்தது இன்னும் பெரிய கருணை. அது எரிந்தால்தானே ஓட்டுகிறவனுக்குக் கவலை? அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. அது போனால் ஒவ்வொரு காலையும் நன்றாக ரேஸ் செய்த பிறகே ஆல்டர்னேட்டர் கண் விழிக்கும். தெருவே என்னோடு சேர்ந்து எழுந்துகொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் பரீட்சை. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார். "ஓடுது பாருங்க சார்!" டைனமோ காலத்து வித்தை இது. ஆல்டர்னேட்டரில் இப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி உள்ளே இருக்கும் டயோடுகள் உயிரை விடும். என் டயோடுகள் சபையறிந்தவை. அவர் காசை எண்ணி முடிக்கும்வரை பொறுத்திருந்து, மறுநாள்தான் போயின. தகவல் சொன்னபோது அவர் முகத்தில் துளிக் கலக்கமில்லை. "மால் சரியில்ல சார், வேற வாங்கிட்டு வாங்க" என்றார்.

உங்கள் வண்டிக்கும் ஆல்டர்னேட்டர் மாற்ற ஆசையென்றால் அவசியம் அவரைப் போய்ப் பாருங்கள். போகும்போது 16 ஸ்கொயர் எம்.எம். கேபிள், பேட்டரிக்குப் பக்கத்தில் போட ஏற்ற ஃப்யூஸ், ஆம்மீட்டருக்குப் பதில் ஒரு வோல்ட்மீட்டர் ஆகியவற்றை நீங்களே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். வேலை முடிந்து இன்ஜின் ஓடும்போது வோல்ட்மீட்டர் பதினான்கை ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். அவர் ஸ்பேனரோடு பேட்டரியை நோக்கி வந்தால் முதலில் இன்ஜினை அணையுங்கள்.