தடித்த செருப்பும் தரை தொடும் புடவையும்: பெருநகர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்படாத பொருள் தமிழ்நாட்டில் எதுவும் மிச்சமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். சென்ற தை மாதம் காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில் பெருநகர் என்ற ஊரில் அத்தை வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஒன்று மிச்சமிருப்பது தெரிந்தது. அங்கே கிடந்த ஜோடிகளில் பாதிக்கு மேல் ஒரே இனம்: இரண்டு விரற்கடை கனத்தில் அடி, அதன்மேல் மெத்தை, குறுக்கே உள்ளங்கை அகலத்தில் வார், காப்பிக்கொட்டை நிறம். அவற்றின் பக்கத்தில் என் செருப்பு, டிராக்டர்களுக்கு நடுவே நிறுத்திய சைக்கிள் மாதிரி கிடந்தது.

கடைக்காரர் இதைக் 'கம்ஃபர்ட் சாண்டல்' என்பார். அத்தை 'டாக்டர் செருப்பு' என்பார். எந்த டாக்டர் என்று யாரும் கேட்பதில்லை. ஏழாவது படிக்கும் பேத்தி வைத்திருக்கும் பெயர் 'ரோடு ரோலர்'. ஒரு பொருளுக்கு ஒரே வீட்டில் இத்தனை பெயர் வழங்கினால் அது பண்பாட்டில் வேர்பிடித்துவிட்டது என்று பொருள். ஆய்வு தொடங்கலாம்.

கருதுகோள் இது: உடைக்குத் தகுந்த செருப்பு என்பது பட்டணத்துக் கொள்கை, பெருநகர்ப் பெண்களோ செருப்புக்குத் தகுந்தபடி உடையைத் திருத்திக்கொள்கிறார்கள். ஆய்வின் முடிவில் இது தேறவில்லை என்பதை நேர்மை கருதி இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2. முன்னோர் மொழிந்தவை

காஞ்சிச் சீமைக்கும் காலணிக்கும் உள்ள உறவு சங்க காலத்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் வழிநடை வணிகர்கள் செருப்பணிந்து வருகிறார்கள். அந்தச் செருப்பை, அடியை மறைக்கும் அரண் என்ற பொருள்படக் குறிக்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அரண் என்றால் கோட்டை. ஆக, கனத்த அடிக்கு அப்போதே புலவர் ஒப்புதல் கிடைத்துவிட்டது. அந்த வணிகர் வீட்டுப் பெண்கள் காலில் என்ன இருந்தது என்பதற்குத்தான் வரி ஒதுக்கப்படவில்லை.

அடுத்தவர், காஞ்சிபுரம் தூப்புலில் 1268-இல் பிறந்த வேதாந்த தேசிகர். திருவரங்கத்துப் பெருமாளின் பாதுகைகளைப் பற்றி 1008 சுலோகங்களில் 'பாதுகா சஹஸ்ரம்' பாடியவர். ஒரே இரவில் பாடி முடித்தார் என்பது மரபு. பாதுகை எழுப்பும் ஒலிக்கும் அதில் பதித்த மணிகளுக்கும் தனித்தனிப் பகுதிகள் வைத்தவர், எந்தப் புடவைக்கு எது பொருந்தும் என்ற கேள்வியைப் பின்னால் வருவோருக்கு விட்டுவைத்தார். இக்கட்டுரை நுழைவது அந்த இடைவெளியில்தான்.

அயல்நாட்டில், 1774-ஆம் ஆண்டுத் தேவாலயப் பதிவேடு ஒன்றில் செருப்புத் தொழிலாளியாகப் பெயர் காணும் ஜெர்மானியரின் வழிவந்த பிர்கன்ஸ்டாக் நிறுவனம் 1963-இல் தன் முதல் சாண்டலை விற்றது. அழகே இல்லை என்று ஒதுக்கப்பட்ட அந்த வகை, பல ஆண்டு கழித்து, அழகில்லாததே அழகு என்ற விதியின்கீழ் பேஷன் மேடை ஏறியது.

ஆனால் 'டாக்டர் செருப்பு' என்ற பெயருக்கு வேர் தேட ஜெர்மனிவரை போக வேண்டாம்; வேலூர் போதும். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணை ஆராய்ந்தார். உணர்ச்சி போன பாதத்துக்குக் கல்லும் தெரியாது, முள்ளும் தெரியாது. ஒரே இடத்தில் எடை அழுந்தி அழுந்திப் புண்ணாகும். எடையைப் பாதம் முழுக்கப் பரப்பும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் அடி, வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் நடந்த அந்தப் பணியில் உருப்பெற்றது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித்தருவது அதைத்தான். எந்த டாக்டர் என்ற கேள்விக்கு வேறொருவர் உரிமை கோரும்வரை, இவர்தான் என்றே இவ்வாய்வு கொள்ளும்.

3. களமும் முறையும்

ஆய்வுக்களங்கள் மூன்று: காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில் பெருநகர் பேருந்து நிறுத்தம், அத்தை வீட்டுப் படி, தைப்பூசத்தன்று செய்யாற்று மணல்.

முதற்களத்தில் அரைமணி நேரம்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. பெண்களின் கால்களையே பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதும் நடுவயது ஆண் என்ற நிலையில், ஆய்வுப் பொருளாலேயே ஆய்வாளர் அடிபடும் வாய்ப்பு இத்துறைக்கே உரிய இடர். அப்பொருளின் எடையையும் கருத்தில் கொண்டு, பெரும்பகுதி ஆய்வை அத்தை வீட்டோடு சுருக்கிக்கொண்டேன். தகவலாளிகள் மூவர்: அத்தை, அவர் மருமகள், மேற்படி பேத்தி. மூவரும் உறவு என்பதால் நடுநிலைக்கு உத்தரவாதமில்லை, காப்பிக்கு உண்டு.

4. உடைவாரி ஆய்வு

அ) நைட்டி. வாசல் தெளிப்பதில் தொடங்கி ரேஷன் கடை வரிசைவரை செல்லுபடியாகும் உடை. மேலே குறுக்காக ஒரு துண்டு போட்டுவிட்டால் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் போகலாம். கணுக்காலுக்கு மேலே நின்றுவிடுவதால் செருப்பு முழுதாகத் தெரியும். தொளதொள அங்கி, தெரியும் கணுக்கால், கீழே கனத்த செருப்பு: பேஷன் இதழ்கள் வழவழத் தாளில் அச்சிட்டுச் சொல்லும் சேர்மானம் இதுவே. பெருநகரில் அது விடியற்காலை ஐந்தரைக்குச் சாணி வாளியோடு தானாக அமைந்துவிடுகிறது. துண்டை மட்டும் அந்த இதழ்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஆ) சுடிதார். ஒட்டிய லெக்கிங்ஸுக்குக் கீழே தடித்த செருப்பு போட்டால் கொக்குக்குக் காளைக் குளம்பு வைத்த மாதிரி இருக்கிறது என்பது பேத்தியின் மதிப்பீடு. இதை மருமகளிடம் சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனி வேலை. விடியுமுன் கம்பெனி பஸ். உலகம் முழுக்க ஓடுகிறவர்களின் ஷூக்களைத் தைத்தும் ஒட்டியும் அனுப்பும் பல்லாயிரம் பெண்களில் ஒருவர்.

"எட்டு மணி நேரம் நின்னுகினே வேலை. எனக்கு இன்னா மேட்சிங்? மெத்துன்னு இருக்குதா, அது போதும்."

இவரோடு செருப்புக்கடைக்குப் போனது இவ்வாய்வின் மிகப் பயனுள்ள அரைமணி. நிறம் பார்க்கவில்லை. செருப்பை இரு முனையிலும் பிடித்து வளைத்தார். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது. நட்டநடுவில் வளைந்தால் பாதத்துக்குத் தாங்கல் இல்லை என்று கீழே வைத்தார். குதிகால் மெத்தையில் கட்டை விரலை அழுத்தி, குழி எவ்வளவு நேரத்தில் மேலே எழுகிறது என்று பார்த்தார். வார் அடியோடு சேரும் இடத்தை நகத்தால் நெம்பினார். கடைக்காரர் மூன்று முறை "யம்மா, மெதுவா" என்றார்.

கூட வந்த அத்தைக்கு நீளம் சரியாக இருந்த எதுவும் அகலத்தில் சரியாக இல்லை. ஒரு நம்பர் பெரிதாக எடுத்தோம்; பின்னால் அரை விரல் காலி. இது அத்தையின் குறையன்று. 1948-இல் தொடங்கிய சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியில் அளந்து, நம் பாதங்கள் வெளிநாட்டு அளவுகளுக்கு அடங்காத அகலம் கொண்டவை என்று கண்டது. 'பா' என்ற இந்திய அளவுமுறையையும் பரிந்துரைத்தது. அத்தை இதை எந்தக் கருவியும் இல்லாமல் ஐம்பது ஆண்டாகச் சொல்லிவருகிறார்.

இ) புடவை. சிக்கலின் உச்சம் இங்கேதான். செருப்பைப் போட்டுக்கொண்டு நின்று கொசுவம் வைத்தால்தான் ஓரம் சரியாகத் தரையைத் தொடும் என்பது விவரம் தெரிந்தவர்கள் சொல்வது. ஆனால் அது செருப்பைக் கழற்றவே அவசியமில்லாத ஊருக்குப் பொருந்தும். பிரம்மபுரீஸ்வரர் கோயில் வாசலில் செருப்பை விட்டதும் அத்தையின் உயரம் இரண்டு விரற்கடை குறைகிறது, புடவை குறைவதில்லை. பிராகாரம் முழுக்க ஓரத்தை மிதித்துக்கொண்டே வலம் வர வேண்டும். வெறுங்காலுக்கு அளந்து கட்டினால் தெருவில் உள்பாவாடை எட்டிப் பார்க்கிறது. கடவுளுக்கு ஓர் உயரம், தார்ச்சாலைக்கு ஓர் உயரம். இரண்டுக்கும் ஒரே புடவை. அத்தையின் தீர்வு எளிது: கோயிலுக்குள் கொசுவத்தை இடதுகையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்வார். பார்ப்பவர்கள் பக்தி என்பார்கள்.

இன்னொரு சிக்கல் ஒட்டுவார். நாயின் மயிரில் ஒட்டிய முட்காய்களை நுண்ணோக்கியில் பார்த்து, கொக்கியும் கண்ணியுமாக வெல்க்ரோவை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்த்ரால். பெருநகர் வரப்புகளில் நடக்கும் பெண்களின் புடவை ஓரத்தில் நாயுருவி இதே தத்துவத்தைக் காலங்காலமாக விளக்கிவந்தது. காப்புரிமை வாங்க யாருக்கும் நேரமில்லை. பருத்திக்கு வெல்க்ரோ பெரிய தீங்கு செய்யாது. பட்டோ, குழித்தறியில் உட்கார்ந்து, வெறுங்காலால் மிதிபலகையை மிதித்து, உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைத்து நெய்தது. அந்தச் சரிகையில் ஒட்டுவாரின் கொக்கி மாட்டி ஓர் இழை உருவிவந்த அன்று அத்தை ஒரு வேளை சாப்பிடவில்லை. பட்டுக்கு ஒட்டுவார் ஆகாது, பக்கிள்வார்தான் என்பதே இவ்வாய்வு தரும் ஒரே உறுதியான பொருத்த விதி.

5. தகுதி பற்றிய ஆராய்ச்சி

பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையின் தகுதிகளைச் சொல்கின்றன: வரி செலுத்தும் கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு. வயது முதலில் 30 முதல் 60. பிறகு 35 முதல் 70 என்று திருத்தினார்கள். மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை; கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவுக்கும் இடமே இல்லை.

அத்தை வீட்டுப் படியிலும் டாக்டர் செருப்புக்கான வயது விதி ஏறத்தாழ அதுவே. பேத்திக்குத் தகுதியில்லை. மருமகள் முழங்கால் வலியோடு அண்மையில் வாரியத்தில் சேர்ந்தவர். 70-ஐத் தாண்டிய சின்னப்பாட்டி தகுதி கடந்தவர்: அவர் எதுவும் போடுவதில்லை, அவர் பாதமே இரண்டு விரற்கடை கனம்.

'தகுதி' என்ற சொல்லைச் செருப்போடு சேர்த்து எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. சில தெருக்களைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும் என்று சாதி சிலரைக் கட்டிப்போட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய. காலில் போட்டு நடப்பதையே போராடி வாங்கியவர்களிடம், அது புடவைக்குப் பொருந்துகிறதா என்று எந்த ஆய்வாளனும் கேட்கத் துணிய மாட்டான்.

6. வேதியியல் சான்று

தைப்பூசத்தன்று சுற்றுவட்டார ஊர்ச் சாமிகள் செய்யாற்றில் வந்து கூடும். அத்தை அரக்குப் பட்டு கட்டினார். பீரோவுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வெளியே வந்தது. மூன்று வருடத்துக்கு முன் மகள் வாங்கித்தந்த, பக்கிள் வைத்த, பட்டோடு ஒத்துப்போகும் அரக்கு நிற டாக்டர் செருப்பு. விசேஷத்துக்கென்று எடுத்துவைத்தது, ஒருநாளும் போட்டதில்லை. நம் பொருத்த விதிகள் அனைத்தையும் நிறைவு செய்த முதல் ஜோடி.

தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் வந்த பேத்தி, "ஆயா, உன் செருப்பு கொட்டுது" என்றாள். திரும்பிப் பார்த்தோம். உடைந்த மைசூர்பாகு மாதிரி வழிநெடுகத் தூள். ஆற்றுக்கு இறங்கும் இடத்தில் இரண்டு அடியும் கழன்று, வார் மட்டும் கொலுசு போலக் காலில் நின்றது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. அந்த அடி பாலியூரிதேன். போடாமல் வைத்தாலும் காற்றின் ஈரமும் வெக்கையும் சேர்ந்து அதன் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடும். நீராற்பகுப்பு என்று பெயர். மேலே பளபளப்பாகவே இருக்கும். எடை ஏறும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

அத்தை வாரைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, கொசுவத்தை இடதுகையில் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கினார். "எடுத்து வெச்சா கெட்டுப்போறது சோறு மட்டும்தான்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

7. முடிவு

ஆகவே, செருப்பு உடைக்குத் தகுந்ததாக வேண்டியதில்லை. உடையும் செருப்புக்குத் தகுந்ததாக வேண்டியதில்லை. கருதுகோள் இரு முனையிலும் தோற்றது. நல்ல நாளுக்கென்று பத்திரப்படுத்த முடியாத ஒரே நல்ல பொருள் இது. சாதாரண நாளுக்குத்தான் இது பொருந்தும்.

அடுத்த வாரம் வாங்கிய ஜோடியின் பெட்டியில் பேத்தி பென்சில் போட்டுவைத்திருக்கிறாள். செருப்பை அத்தை மறுநாள் காலையே பால் வாங்கப் போட்டுக்கொண்டு போனார். நைட்டி, மேலே துண்டு.