மக்கரேனாப் பாயிரம்

மக்கரேனா என்னும் ஸ்பானிய ஆடற்பாட்டு, உலகத்துத் திருமண விருந்துகளிலும் பள்ளி விழாக்களிலும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகக் கைகளை நீட்டவும் மடக்கவும் மாந்தரை ஏவிக்கொண்டிருந்தும், அதற்கு முறைப்படி ஒரு பாயிரம் வகுக்கப்படாமலே இருப்பது ஆராய்ச்சி உலகுக்கு நேர்ந்த பேரிழுக்கென்று கருதி, நன்னூலார் விதித்த எட்டு உறுப்புகளின் வழியே அக்குறையை நிவர்த்தி செய்ய யாம் துணிந்தனம்.

ஆக்கியோன்: செவில் நகரின் அருகே தோஸ் எர்மானாஸ் என்னும் ஊரினரான அந்தோனியோ ரொமேரோ மொங்கே, ரஃபாயெல் ரூயிஸ் பெர்திகோனெஸ் ஆகிய இருவர். 'லோஸ் தெல் ரியோ' என்ற பெயரில் 1962 முதல் பாடி வந்தவர்களாதலின், உலகம் இவர்களைப் புதுமுகங்களாகக் கண்டுபிடித்தபோது இவர்களுடைய பிராயம் ஐம்பதை நெருங்கியிருந்தது.

வழி: 1992-இல் வெனிசுவேலாவின் கராகஸ் நகரத்து விருந்தொன்றில், ஃபிளமெங்கோ ஆசிரியை ஒருவர் ஆடக்கண்டு பரவசமுற்ற மொங்கே அக்கணமே வாய்க்கு வந்தபடி கட்டிய அடியில் பிறந்து, மறு ஆண்டு வெளிவந்தது முதல்நூல். மயாமி நகரத்து 'பேசைட் பாய்ஸ்' ஆங்கில அடிகளைச் செருகிச் செய்த வழிநூலே உலகை வென்றது. அவ்வழிநூலில் ஒலிக்கும் பெண்ணின் நகைப்போ, 'யாசூ' குழுவினரின் 1982-ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து பெயர்த்தெடுத்த ஆலிசன் மொயேயின் நகைப்பு. பிறர் சிரிப்பைத் தம் சிரிப்பாக ஆள்வோர் அடிக்குறிப்பு இடல்வேண்டுமோ என்பதை, பிறர் கட்டுரையைத் தம் கட்டுரையாக ஆளும் அறிஞர்களே தீர்மானிப்பாராக.

எல்லை: இல்லை. அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் மட்டும் 14 வாரங்கள் முதலிடம்.

நூற்பெயர்: செவில் நகரத்து ஒரு வட்டாரத்துக்கும், அங்கே கோயில் கொண்டுள்ள மாதாவுக்கும் வழங்கும் பெயர்.

யாப்பு: ஈண்டுச் சற்று நிற்றல் வேண்டும். ஆட்டம் பதினாறு மாத்திரை உடையது. வலக்கையும் இடக்கையும் முறையே முன் நீளும், உள்ளங்கைகள் வானோக்கித் திரும்பும், எதிர்த்தோள்களைப் பற்றும், பிடரியைச் சேரும். இம்மட்டும் உரையாசிரியரிடையே பூசல் இல்லை. ஒன்பதாம் பத்தாம் மாத்திரைகளில் கைகள் எதிர்ப்புறத்து இடுப்பைத் தொட்டபின், பதினொன்றிலும் பன்னிரண்டிலும் அவை படிவது இடுப்பிலா, அன்றி அதற்குச் சற்றே பின்னால் சபை மரியாதை கருதி யாம் பெயர் சுட்டாத ஸ்தானத்திலா என்பதே தீராத விவகாரம். பின்புறப் பாடமே பழமையானது, பெரியோர் முன்னிலையில் ஆட நேர்ந்த நாணத்தால் கை மேலேறியதே இடுப்புப் பாடம் என்பர் ஒரு சாரார். இடுப்புப் பாடமே மூலம், ஆடிக் களைத்தோர் கைகள் தாமே கீழிறங்கியதால் விளைந்தது மற்றது என்பர் மறுசாரார். இருவரையும் ஒருங்கே மறுக்கும் பேரறிஞர் ஒருவர், கை எங்குமே படியவில்லை, படிவது போன்ற தோற்றம் மாத்திரமே உண்டு என்று, இன்னும் அச்சேறாத தம் நூலின் திருத்திய மூன்றாம் பதிப்பில் நிறுவுகிறார். முதற்பதிப்பில் தாம் எழுத எண்ணிக் கைவிட்ட அடிக்குறிப்பொன்றை அதிலே தாமே வன்மையாகக் கண்டித்து, அக்கண்டனத்துக்கு எதிர்காலத்தில் மறுப்பெழுதக்கூடிய மாணாக்கர் ஒருவரை அவர் பிறக்குமுன்னரே முறியடித்தும் விடுகிறார்.

அதன்பின் இடையசைவு, இறுதியில் ஒரு துள்ளலோடு கால்வட்டத் திருப்பம். நான்கு முறை ஆடியவர் தொடங்கிய திசைக்கே மீள்கிறார். ஆய்வேடுகளின் முடிவுரையும் பெரும்பாலும் அங்ஙனமே.

நுதலிய பொருள்: காதலன் வித்தோரினோ படையில் சேர்ந்து கொடியின்முன் உறுதிமொழி எடுக்கையில், அவனுடைய நண்பர் இருவரோடு களிக்கும் ஒரு பெண்ணின் சரிதம். பொருளறியாத பெற்றோர் இதனைத் தம் மக்களுக்குக் கற்பித்து, மேடையேற்றி, கரவொலியும் எழுப்பினர்.

கேட்போர்: 1996-இல் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள் இதனை ஆடினர். அம்மேடையில் துணை ஜனாதிபதி ஆல் கோர், தம்முடைய மக்கரேனாவைக் காட்டுவதாக அறிவித்து, ஓர் அங்கமும் அசையாது சிறிது பொழுது நின்றபின், மறுமுறையும் காண விருப்பமோ என்று சபையை வினவினார். மௌன மார்க்கம் எனத் தகும் இம்முறைக்கு நம் பல்கலைக்கழகப் பீடங்களிலும் அனுஷ்டாதாக்கள் உண்டு: முப்பதாண்டு அசையாது வீற்றிருந்து, ஓய்வுபெறும் தறுவாயில் மறுமுறையும் செய்துகாட்டப் பணி நீட்டிப்பு வேண்டுவோர்.

பயன்: இவ்வுறுப்பில் மட்டும் பரிகாசம் இல்லை. இதயம் நின்றவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தவேண்டும் என்பது வைத்திய விதி; மக்கரேனாவின் தாளமோ நிமிடத்துக்கு 103. பார்சலோனா ஆராய்ச்சியாளர் மருத்துவ மாணவரைக் கொண்டு சோதித்து 2017-இல் அறிவித்தபடி, இப்பாட்டை மனத்துள் இசைத்து அழுத்தியோர், துணையேதுமின்றி அழுத்தியோரைவிட அவ்வேகத்தைச் செவ்வனே காத்தனர். ஆகவே அன்பர்காள், எதிரில் ஒருவர் நினைவிழந்து மூச்சின்றிச் சாய்ந்தால், உதவிக்கு ஆள் விடுத்து, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அவர் மார்பின் நடுவே ஊன்றி, மனத்துள் மக்கரேனாவைப் பாடி அழுத்துக. கை படியவேண்டிய அந்த ஸ்தானத்தைப் பற்றி எவ்வுரையிலும் பாடபேதம் இல்லை.