லயத்துக்குள்ள வா, யோகம் சொல்லித்தாரேன்

வாடா பேராண்டி, இப்பிடி இஸ்தோப்புல உக்காரு. கொழும்புல இருந்து லீவுக்கு வந்தவன் தோள்ல என்னமோ சுருட்டிக் கொண்டாந்திருக்கியே, என்னா அது? யோகா மெட்டா? சரிதான். பாயின்னு சொன்னா வெல கொறஞ்சிரும், அதான் மெட்டு. எம்புட்டு குடுத்த? ஆறாயிரமா! உங்கம்மா அதுக்கு எத்தன நாள் வேலைக்குப் பேர் போடணும்னு கணக்குப் பாத்தியா? உங்க அப்பாயி காலம் முச்சூடும் சாக்குலதான் படுத்தா. அவளுக்கு ஏன் ஞானம் வரலன்னு எனக்கு இப்பத்தான் வெளங்குது.

நேத்து தியலும அருவி உச்சிக்கு ஏறிப் போயி, கால மடிச்சு, கண்ண மூடி போட்டோ புடிச்சியாமே? மூஞ்சியில சாந்தம் வரலன்னு திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னேன்னு கூட வந்த பய சொல்றான். அந்த எடத்துல தண்ணி 220 மீட்டர் கீழ விழுகுது தம்பி. ஞானம் வழுக்கினா நாளைக்குப் புடிச்சிக்கலாம். கால் வழுக்கினா?

கேட்டா என்னா சொல்ற? "தாத்தா, எனக்கு உள்ளுக்குள்ள தடை இருக்கு, அத ஒடைக்கணும்." நல்ல ஆசைதான். எத்தன தடையாம்? வகுப்பு எடுக்குறவரு இன்னும் சொல்லலயா? அடுத்த மாசக் காசு கட்டினா சொல்லுவாராக்கும்.

நான் ஓசியிலயே சொல்றேன். ஒம்போது. பதஞ்சலி எண்ணி வச்சிட்டுப் போயிட்டாரு. சிதம்பரத்துல கூத்தன் ஆடுனத நேர்ல பாத்தவருன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்களே, அவருதான். அவரு யோக சூத்திரம் இருநூறு வரிகூட வராது. அதுல உக்காருறதப் பத்தி மூணே மூணு வரி. ஆடாம உக்காரு, சொகமா உக்காருன்னு சொல்லி முடிச்சிட்டாரு. மெட்டப் பத்தி மனுசன் மூச்சே காட்டல.

வெரல மடக்கு. மொதலாவது நோய். காச்சக்காரனக் கூட்டிட்டுப் போக வேண்டிய எடம் டிஸ்பென்சரி, தியான மண்டபம் இல்ல. ரெண்டாவது மந்தம். மூணாவது சந்தேகம்: இந்தச் சாமி சரியா, அந்தச் சாமி சரியான்னு வருசத்துக்கு ஒரு சாமி மாத்துறது. நாலாவது கவனமில்லாம செய்யிறது. அஞ்சாவது சோம்பல். மந்தமும் சோம்பலும் ஒண்ணுதானேன்னு மொறைக்காத. மனசு மட்டும் எந்திரிக்காட்டி மந்தம். ஒடம்பும் கூடச் சேந்து போத்திக்கிட்டுப் படுத்தா சோம்பல். ஒனக்கு ரெண்டும் இருக்கு. ஆறாவது, ஆசைய விட மனசு வராதது. ஏழாவது, ஒண்ண இன்னொண்ணா நெனச்சு ஏமாறுறது. எட்டாவது, எம்புட்டு செஞ்சும் அடுத்த படி கிட்டாதது. ஒம்போதாவது, கிட்டுன படியில நிக்க முடியாம வழுக்குறது.

இதுல எமகாதகன் ஆருன்னா ஏழாவது ஆளுதான். மத்த எட்டும் இருந்தா இருக்குன்னு தெரிஞ்சிரும். சோம்பேறிக்கு தான் சோம்பேறின்னு தெரியும். மறந்தாலும் பொஞ்சாதி ஞாபகப்படுத்துவா. ஏழாவது அப்பிடி இல்ல. வந்து சேராதவனுக்கு வந்து சேந்துட்டேன்னு தோணும். அவனுக்கு ஆரு போயி சொல்றது?

மேல் லயத்துல ஒருத்தன் பத்து நாள் முகாமுக்குப் போயிட்டு வந்தான். வந்ததுல இருந்து பேச்சே மாறிப்போச்சு. மெல்லப் பேசுறான், மெல்லச் சிரிக்கிறான், வணக்கம்னு சொன்னா கண்ண மூடித் தொறக்குறான். சரி, பய தேறிட்டான்னு நெனச்சு அவன் பொஞ்சாதிகிட்ட கேட்டேன். "வாசப்படி வரைக்கும்தான் சாந்தம் தாத்தா. சம்பலுக்கு உப்பு கூடினா பழைய ஆளுதான்" அப்பிடின்னா. இதுக்கு மேல ஒரு சர்ட்டிபிகட் வேணுமா?

அவன மட்டும் சொல்லிக் குத்தமில்ல. பெரிய பெரிய தவசிகளே தடுக்கி விழுந்த எடம் அது. நம்ம ஊவாவுலயே நடந்த கதை ஒண்ணு இருக்கு. பொன்னம்பலம் அருணாசலம்னு ஒரு பெரிய மனுசன், 1924ல காலமானவரு, கதிர்காமத்தப் பத்தி எழுதுனதுல இதச் சொல்லியிருக்காரு. கல்யாணகிரின்னு ஒரு சாமி வடக்க இருந்து வந்தாரு. எதுக்கு? கதிர்காமத்து முருகன மறுபடி இந்தியாவுக்கே கூட்டிட்டுப் போக. இங்கேர்ந்து கீழ வெல்லவாய எறங்கி, புத்தல தாண்டி போறமே, அந்தக் காட்டுலதான் பன்னெண்டு வருசம் தவம். வேடப் பய ஒருத்தனும் வேடப் புள்ள ஒண்ணும் கூடவே இருந்து பணிவிட செஞ்சாங்க. ஒருநா சாமி அசந்து தூங்கிட்டாரு. அந்தப் பய தட்டி எழுப்பிட்டான். வந்துச்சே கோவம்! பன்னெண்டு வருசத்துல இன்னிக்குத்தான் கண்ணசந்தேன், எழுப்புறியாடான்னு வெரட்டுனாரு. பய ஓடுனான். மாணிக்க கங்கை நடுத்திட்டு வரைக்கும் ஓடி, அங்க முருகனா நின்னான்.

பன்னெண்டு வருசம்டா! பசிய வென்னாரு, குளிர வென்னாரு, காட்டு மிருகத்துக்குப் பயப்படல. கடசியில தூக்கத்தக் கெடுத்த ஒரு சின்னப் பயகிட்ட தோத்தாரு. சாமியக் கூட்டிட்டுப் போக வந்தவரால, சாமி பக்கத்துலயே நின்னப்ப அடையாளம் கண்டுபுடிக்க முடியல. அதுதான் ஏழாவது தடை. அப்பறம் என்னாச்சுன்னு கேக்குறியா? எம் புருசன எங்கிட்டருந்து பிரிக்காதீங்கன்னு வள்ளியம்மா கேட்டுக்கிட்டாளாம். இவரும் மனசு மாறி இங்கயே தங்கிட்டாரு. கதிர்காமம் போனா முத்துலிங்க சாமி கோயில்னு ஒண்ணு இருக்கும், பாரு. அது அவருக்குத்தான்.

நீயும் அவனாட்டம் பத்து நாள் முகாம் போயி வந்து கோவத்த வென்னுட்டேன்னு பேஸ்புக்குல போடுற. நான் என்னா சொல்ல?

அந்தக் காலத்துச் சாமிமாரு வேற மாதிரி. யாழ்ப்பாணத்து யோகர் சாமியத் தெரியுமா? 1872ல பொறந்து 1964ல போனவரு. கிளிநொச்சியில நீர்ப்பாசன வேலையில ஸ்டோர் கீப்பரா இருந்த ஆளு. கணக்கு எழுதி, சாமான் குடுத்து, சம்பளம் வாங்குனவரு. அவரோட குரு செல்லப்பா சாமி நல்லூர் தேரடியில கெடந்தாரு. ஊரு அவர விசரன்னுச்சு. கிட்டப் போனவனுக்கு ஏச்சுத்தான் கெடச்சுச்சு. அந்த ஏச்ச வாங்கிக்கிட்டு நின்னவனுக்குத்தான் பாடம். இன்னிக்கு சேந்த அன்னிக்கே டீசேட்டு, முடிச்ச அன்னிக்கு பிரேம் போட்ட சர்ட்டிபிகட்டு. ஏச்சு எங்க? அது சிலபஸ்ல இல்ல.

சரி, நோயச் சொன்ன பதஞ்சலி மருந்து சொல்லாமப் போவாரா? சொன்னாரு. ஒண்ணப் புடி, அதையே புடின்னாரு. நீ என்னா செய்யிற? காலையில ஒரு மூச்சுப் பயிற்சி, மத்தியானம் போன்ல ஒரு தியானம், ராத்திரிக்கு வெள்ளக்காரன் ஒருத்தன் மணியடிக்கிறதக் கேட்டுக்கிட்டே தூக்கம். நாலு பேரு அஞ்சு பக்கம் இழுத்தா மனசு எந்தப் பக்கம்தான் போகும்?

இன்னொண்ணும் சொன்னாரு. ரொம்ப நாளைக்குச் செய்யணும், எடையில விடாமச் செய்யணும், மரியாதையோட செய்யணும். இது தோட்டத்துக்காரனுக்குப் புதுசா? ஒரு மலையில ஏழெட்டு நாளைக்கு ஒருக்கா கொழுந்து எடுத்தாத்தான் ரெண்டு எலையும் குருத்துமா வரும். ஒரு சுத்து தவறவிட்டுப் பாரு, முத்திப்போயிரும். அப்பறம் ஒரே நாள்ல மலைய மொட்டையடிச்சாலும் கூடையில விழுகுறது முத்தல்தான். கங்காணி கெளறி எடுத்து வீசிருவாரு. ஜூன் 21 வந்தா மைதானத்துல ஒரே கலர்ல உடுத்திக்கிட்டு, கால் ஒரு பக்கம் கை ஒரு பக்கமா நீட்டிட்டு, மிச்ச நாளெல்லாம் கட்டில்ல கெடக்குறவன் எடுக்குறது எந்தக் கொழுந்து? நீயே சொல்லு.

அதே பொஸ்தகத்துல நாலு கொணத்தச் சொல்லிவச்சாரு. சொகமா இருக்கவன்கிட்ட சிநேகமா இரு. கஷ்டப்படுறவன்கிட்ட இரக்கமா இரு. நல்லது செய்யிறவனப் பாத்து சந்தோசப்படு. கெட்டது செய்யிறவனக் கண்டுக்காம விடு. இப்பிடி இருந்தா மனசு தெளியுமாம். கேக்க லேசா இருக்குல்ல? லயத்துக்குள்ள வந்து செஞ்சு பாரு.

எட்டடிக் காம்பரா. நடுவுல ஒரு செவுரு. அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் தூக்கம் போகும். அங்க கட்டாருக்குப் போன மகன் பெரிய டீவி வாங்கிப் போடுறான். சொகமா இருக்கவன்கிட்ட சிநேகமா இருக்கணுமே, இருக்கியா? "கடன் வாங்கியிருப்பான்" அப்பிடின்னுதான் ஒனக்கு வாய் வருது. கடசிக் காம்பராக்காரிக்குக் கை ஒடிஞ்சு வேலைக்குப் போகல. இரக்கம் காட்டணுமே? "அவ பேசுன பேச்சுக்கு வேணும்" அப்பிடிங்குற. ஒருத்தன் கோயில் திருவிழாவுக்கு ஓடி ஓடி ஒழைக்கிறான். சந்தோசப்படணுமே? "தலைவராகப் பாக்குறான்" அப்பிடிங்குற. இன்னொருத்தன் குடிச்சிட்டு வந்து ராத்திரி பூரா ஏசுறான். கண்டுக்காம விடணுமே? அதத்தான் ஒண்ணு விடாமக் கேட்டு, விடிஞ்சதும் பீலிக்கரையில ஒப்பிக்கிற!

தியலும உச்சியில ஆருமில்லாத எடத்துல ஆருக்குத்தான் கோவம் வரும்? கோவம் வர்றதுக்கு ஒரு ஆள் வேணும். லயத்துல ஆளுக்குப் பஞ்சமே இல்ல.

ஆனா ஒண்ணு, பேராண்டி. இதச் சிரிக்காமக் கேளு. எல்லாத் தடையும் உள்ளுக்குள்ளதான் இருக்குன்னு எவனாச்சும் சொன்னா நம்பாத. 2014 ஒக்டோபர் 29. மீரியபெத்தத் தோட்டத்துல காலையில மலை சரிஞ்சு லயத்தோட சனத்தையும் மண்ணு மூடுச்சு. அந்த எடம் ஆபத்துன்னு முன்னமே சொல்லியிருந்தாங்க. சொன்னது காகிதத்துல இருந்துச்சு, சனம் மலையடியில இருந்துச்சு. அதே வருசம் டிசம்பர்லதான் ஐநா சபை யோகா தினம்னு ஒண்ண அறிவிச்சுச்சு. நல்ல காரியம்தான். ஆனா இன்னிக்கும் விடாம மழை பேஞ்சா நம்மாளுங்க ராத்திரி முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்காங்க. சாவுப் பயம் படிச்சவனக்கூட விடாதுன்னு பதஞ்சலியே ஒத்துக்கிட்டாரு. கொழுந்துக்காரி மட்டும் பயப்படாம இருக்கணுமா? அவகிட்டப் போயி, "மூச்ச இழுத்து விடுங்கம்மா, மனச லேசாக்குங்க" அப்பிடின்னு எவனாச்சும் பாடம் நடத்தினா, அவனக் கூட்டியாந்து அந்தக் காம்பராவுல ஒரு மழை ராத்திரி படுக்க வை. அவளுக்கு இருக்கது மனத்தடை இல்ல. மலைத்தடை. அதுக்கு மருந்து காணியும் வீடும். அதக் கேக்க வேண்டிய எடத்துல வாயத் தொறந்து கேக்கணும், கண்ண மூடி உக்காரக் கூடாது.

எது உள்ள, எது வெளியன்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா பாதி யோகம் முடிஞ்சிச்சு. வெளிய இருக்கத உள்ள போட்டுக்கிட்டுப் புழுங்காத. உள்ள இருக்கத வெளிய தூக்கிப் போட்டு அடுத்தவன ஏசாத.

இப்ப எந்திரி. கூரைத் தகரத்துக்குச் சண்ட போட்டதுல இருந்து பக்கத்துக் காம்பரா மாமாவோட நீ பேசல. அவரும் பேசல. போயி, "மாமா, தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா"ன்னு கேளு. ஏசினா வாங்கிக்க. செல்லப்பா சாமிகிட்ட வாங்குனதா நெனச்சுக்க, காசும் கட்ட வேணாம். அவரு மனசு எறங்கி ஒன்ன உக்காரச் சொன்னார்னு வையி, ஒம்போதுல ஒண்ணு ரெண்டு கழண்டிருக்கும். எது கழண்டுச்சு, எது மிச்சமிருக்குன்னு எங்கிட்ட வந்து கேக்காத. அவருகிட்டயே கேளு. ஒங்கொறைய இத்தன வருசமா அவருதானே ஊருக்கெல்லாம் எண்ணிச் சொல்லிக்கிட்டிருக்காரு.